ஆனந்த பவனுக்குப் பக்கத்து வீடு

அலகாபாத், அதாவது இன்றைய பிரயாக்ராஜ், செல்பவர்களில் பலர் ஆனந்த பவனின் முன் நின்று படம் எடுத்து, 'நேரு பிறந்த வீடு' என்று எழுதிப் பதிவிடுகிறார்கள். 1889-ல் நேரு பிறந்தபோது குடும்பம் அதே நகரின் மீர்கஞ்ச் பகுதியில் குடியிருந்தது; அவர் சிறுவனாக வளர்ந்ததும் இந்தக் கட்டடத்தில் அல்ல. அந்தக் குடும்பத்தின் உண்மையான வரலாறு பக்கத்தில் நிற்கும் பழைய மாளிகையான ஸ்வராஜ் பவனில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

மஹ்மூத் மன்ஸில் என்று ஒரு காலத்தில் அழைக்கப்பட்ட அந்த வீட்டை, வழக்கறிஞர் தொழிலில் கொடிகட்டிப் பறந்த அவர் தந்தை மோதிலால் நேரு 1900-ல் வாங்கிப் புதுப்பித்து, ஆனந்த பவன் என்று பெயரிட்டார். மின்விளக்கே புதுமையாக இருந்த நாட்களில் அங்கே நீச்சல் குளமும் இருந்தது. நீந்தத் தெரியாத இன்னொரு வழக்கறிஞர் தேஜ் பகதூர் சப்ரு, பதினைந்து அங்குலத் தண்ணீரில் முதல் படியிலேயே உட்கார்ந்துகொண்டு, யாராவது அசைக்க முயன்றால் கூச்சலிடுவார் என்று நேரு தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மோதிலாலும் பெரிய நீச்சல்காரர் இல்லை; பல்லைக் கடித்துக்கொண்டு ஒருவழியாக மறுகரை சேர்வாராம். இவர்கள் வீட்டுத் துணிகள் சலவைக்குப் பாரிஸ் சென்றன என்ற கதையை நேருவே மறுத்திருக்கிறார். ஆயினும் அது இன்றுவரை வாட்ஸ்அப்பில் உலவுகிறது.

ஒத்துழையாமை இயக்கத்தில் சேர்ந்து மோதிலால் வழக்கறிஞர் தொழிலைக் கைவிட்டபின் குதிரைகளும் வண்டிகளும் விற்கப்பட்டன. 1921 டிசம்பரில் தந்தையும் மகனும் ஒரே நாளில் கைதானார்கள். விதிக்கப்பட்ட அபராதத்தைக் கட்டுவதில்லை என்று காங்கிரஸார் முடிவெடுத்திருந்ததால், போலீசார் அடிக்கடி வந்து வீட்டுச் சாமான்களை ஜப்தி செய்து எடுத்துச் சென்றனர். நான்கு வயது இந்திரா அவர்களிடம் கோபத்தோடு எதிர்ப்புத் தெரிவித்தார். 1930-ல் மோதிலால் அந்த மாளிகையைக் காங்கிரஸுக்கே எழுதிக்கொடுத்தார். அதற்கு ஸ்வராஜ் பவன் என்று பெயர் வந்தது. பழைய பெயர் பக்கத்தில் கட்டிய புது வீட்டுக்கு மாறியது. சட்டமறுப்புக் காலத்தில் காயமடைந்த தொண்டர்களுக்கு அதே கூரையின் கீழ் சிகிச்சை அளிக்கப்பட்டது.

பக்கத்திலேயே இன்னொரு மாளிகை கட்டிக் குடியேறியவரின் கொடையில் என்ன தியாகம் இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், அவர்கள் குடிசைக்குப் போய்விடவில்லை. ஆனால் விருந்துக்கென்று வளர்த்த ஒரு வீட்டை, அரசாங்கம் எந்த நேரமும் கைப்பற்றக்கூடிய ஒரு கட்சியின் அலுவலகமாக ஆக்குவது, வசதி படைத்தவர்கள் எளிதில் துணிகிற காரியம் அல்ல.

புது வீட்டுக்கும் வரலாறு உண்டு. காந்தி தங்கியதும், 1942-ல் இந்திராவின் திருமணம் நடந்ததும் அங்கேதான். இந்திரா 1970-ல் அதையும் நாட்டுக்கு அளித்தார். இருந்தாலும், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கும் நூல்களையும் கட்டிலையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவருக்கு, ஒரு குடும்பம் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பது பிடிபடாது. ஆகவே அங்கே செல்லும் நண்பர்கள் பழைய வீட்டை முதலில் பார்க்கட்டும். பிள்ளைகளை அழைத்துச் சென்றால், மஹ்மூத் மன்ஸில் என்ற பெயரிலிருந்தே கதையைச் சொல்லத் தொடங்குங்கள்.