ஜி.பி.எஸ். கணக்கில் வராத பிள்ளைகள்

மலேசியாவில் இடைநிலைப்பள்ளியின் கடைசி வருஷமான ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் முடிவு வந்த அன்று மாலை எங்கள் வாட்சாப் குழுவில் ஒரு படம் சுற்றியது. ஊர் இடைநிலைப்பள்ளியின் ஜி.பி.எஸ். (பள்ளியின் கிரேடு சராசரி) எவ்வளவு, போன வருஷத்தைவிட எவ்வளவு முன்னேற்றம், எல்லாப் பாடத்திலும் ஏ எடுத்தவர்கள் யார் யார் என்று. கீழே வரிசையாக வாழ்த்துகள், கைகூப்பும் பொம்மைகள். நடுவில் எங்கள் தோட்டத்துச் சித்தப்பா ஒருவர் எழுதினார்: "நம்ம பையன்க கொஞ்சம் ஒழுங்கா படிச்சிருந்தா ஸ்கூல் இன்னும் மேல போயிருக்கும். கீழ இழுக்கிறதே நம்ம ஆளுங்கதான்." யாரும் மறுக்கவில்லை. இரண்டு பேர் கட்டைவிரல் வேறு போட்டார்கள்.

குழுவில் பெரியவரோடு மல்லுக்கு நிற்க எனக்கு மனமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த எண். ஏ பிளஸ்ஸுக்கு 0, ஏ-வுக்கு 1 என்று ஏறிக்கொண்டே போய், தோல்வியான ஜி-க்கு 9. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் பள்ளியின் ஜி.பி.எஸ். எண் குறையக் குறைய நல்லது. நாடு முழுவதற்குமான சராசரி 2023 எஸ்.பி.எம்.மில் 4.60, 2024இல் 4.49. "குறைஞ்சிருச்சே" என்று கவலைப்பட்டு எனக்குப் போன் செய்த பெற்றோரும் உண்டு. சிரிக்காதீர்கள், என் மகள் ஒன்றாம் படிவம் போன வருஷம் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இந்தச் சராசரியில் தேர்வு எழுதியவர்களின் கிரேடு மட்டும்தான் சேரும். எழுத வராதவன் சேர்த்தி இல்லை. மூன்றாம் படிவத்தோடு நின்றவன் ஐந்தாம் படிவப் பட்டியலிலேயே இருக்க மாட்டான். ஜி வாங்கக்கூடிய பத்துப் பையன்கள் நடுவில் நின்றுவிட்டால் பள்ளியின் எண் அழகாகிவிடும். ஆக, நின்றுபோன நம் பையன்கள் பள்ளியைக் கீழே இழுக்கவில்லை, சித்தப்பா. அதன் எண்ணை அழகாக்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

நான் இடைநிலைப்பள்ளிக்குப் போனது 1994இல். எங்கள் தோட்டத்திலிருந்து ஒரே பஸ்ஸில் ஏழு பேர் போனோம். ஐந்தாம் படிவத் தேர்வு மண்டபம்வரை வந்தவர்கள் மூன்று பேர். வராத நால்வரில் ஒருவன் தமிழ்ப்பள்ளியில் மனக்கணக்கில் எங்கள் எல்லோரையும் மிஞ்சியவன். வாத்தியார் கேள்வியை முடிப்பதற்குள் பதிலைச் சொல்லிவிடுவான். ஆறாம் ஆண்டுத் தேர்வான யூ.பி.எஸ்.ஆர்.-இன் மலாய்த் தாளில் கிரேடு போதவில்லை என்று அவனை ஒன்றாம் படிவத்துக்கு முந்தைய புகுமுக வகுப்பில் போட்டார்கள். நாங்கள் ஒன்றாம் படிவம், அவன் எங்களுக்கு ஒரு வருஷம் கீழே. அந்த வெட்கமே அவனைப் பாதி தின்றது. மீதியைப் பாடம் தின்றது. பின்னம் என்றால் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கரும்பலகையில் மலாயில் 'பெச்சாஹான்' என்று எழுதியிருந்தபோது அதுதான் பின்னம் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கேட்கவும் அவனுக்கு வாய் வரவில்லை. கடைசி வகுப்பிலேயே தங்கிப்போனான். மூன்றாம் படிவத் தேர்வான பி.எம்.ஆர். எழுதியதும் நின்றுவிட்டான். அப்பாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது, பால்மரம் வெட்ட வீட்டில் வேறு ஆள் இல்லை.

இப்போது லாரி ஓட்டுகிறான். வழியில் பார்த்தால் ஓரங்கட்டி, "பசியாறிட்டியாடா?" என்பான். டீசல், கூலி, ஓவர்டைம் எல்லாவற்றையும் இன்றும் மனத்திலேயே கூட்டிவிடுவான்.

அப்புறம், யார் படிக்கிற பள்ளி இது என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் ஊரான சுங்கை சிப்புட், பேராக் மாநிலத்தின் கோலகங்சார் மாவட்டத்தில் இருக்கிறது. அதே மாவட்டத்தில்தான் 1905இல் தொடங்கிய மலாய்க் கல்லூரியும் இருக்கிறது. கெட்டிக்கார மலாய்ப் பிள்ளைகள் பலர் ஆறாம் ஆண்டு முடிந்ததும் அதுபோன்ற முழு விடுதிப் பள்ளிகளுக்கும் மாரா என்ற அரசு அமைப்பின் கல்லூரிகளுக்கும் போய்விடுகிறார்கள். வசதியுள்ள சீனக் குடும்பங்கள் ஈப்போவிலுள்ள சீனத் தனியார் இடைநிலைப்பள்ளிகளைப் பார்க்கின்றன. நம்மில் கொஞ்சம் காசு சேர்ந்தவர்கள் ஈப்போவுக்கே வீடு மாற்றிக்கொள்கிறார்கள். என் அக்காவும் போனாள், அவளைக் குறை சொல்ல மாட்டேன். தமிழில் இடைநிலைப்பள்ளி என்று ஒன்று நாட்டிலேயே கிடையாது. கடைசியில் இங்கே வந்து சேர்வது யார்? தோட்டத்துப் பிள்ளை, தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) மலிவு வீட்டிலிருக்கும் பிள்ளை, கம்பத்து மலாய்ப் பிள்ளை, லாசாவுக்கு உள்ளே காட்டோரத்திலிருந்து வரும் தெமியார் பூர்வக்குடிப் பிள்ளை. இவர்களை வைத்துக்கொண்டு ஒரு பள்ளி எடுத்த எண்ணையும், பொறுக்கியெடுத்த பிள்ளைகளை வைத்து இன்னொரு பள்ளி எடுத்த எண்ணையும் ஒரே படத்தில் மேலும் கீழுமாகப் போட்டுவிட்டு இனத்தைத் தேடுகிறோம்.

'நம்ம ஆளுங்க' என்ற கோடு இங்கேதான் எனக்கு உதைக்கிறது. தெமியார் பையனும் வீட்டில் மலாய் பேசுவதில்லை, அவனும் விடிவதற்குள் கிளம்புகிறான், அவனும் மூன்றாம் படிவத்தில் காணாமல் போகிறான். அவனுக்கும் நம் தோட்டத்துப் பையனுக்கும் உள்ள ஒற்றுமை, நம் பையனுக்கும் டவுனில் இருக்கும் ஆசிரியர் வீட்டுத் தமிழ்ப் பிள்ளைக்கும் இடையே இல்லை. ஆசிரியர் வீட்டுப் பிள்ளை வருஷா வருஷம் நன்றாகத்தான் எடுக்கிறது. அதுவும் நம்ம ஆள்தானே?

நம் பக்கம் தப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. கல்யாணம், காது குத்து, திருவிழா என்று பிள்ளையை வாரக்கணக்கில் நிறுத்துகிறோம். பதினாறு வயதில் மோட்டார் வாங்கிக் கொடுத்துவிட்டு அவன் எங்கே போனான் என்று பள்ளியைக் கேட்கிறோம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்துக்கு வருகிற தோட்டத்துக்காரர்களை ஒரே மேசையில் உட்கார வைத்துவிடலாம். இதெல்லாம் உண்மை. ஆனால் அந்தக் கூட்டம் சனிக்கிழமை காலையில் நடக்கிறது, அன்றைக்குத் தோட்டத்தில் வேலை நாள் என்பதும் உண்மை.

இன்னொன்று, பலருக்குப் பிடிக்காது. எண்ணை அழகாக்க வேண்டும் என்ற அவசரத்தில் பிள்ளைகள் தலையில் கைவைக்கிறார்கள். தமிழும் தமிழ் இலக்கியமும் எடுக்க ஆசைப்பட்ட என் மகளிடம், "கிரேடு இறங்கினால் பள்ளி சராசரி போகும், யோசித்துக்கொள்" என்று சொன்ன பெரிய மனிதர் உண்டு. பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்றுத்தர வசதி செய்ய வேண்டும் என்று 1996 கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. நாங்கள் பதினேழு பேர் கையெழுத்துப் போட்டோம். வகுப்பு கிடைத்தது, பள்ளி முடிந்த பிறகு, மதியச் சோறு சாப்பிட நேரமில்லாத ஒரு வேளையில்.

எங்கள் ஊரே சரித்திரப் பாடத்தில் வரும். 1948 ஜூன் 16இல் எல்ஃபில் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்கார நிர்வாகிகள் சுடப்பட்டார்கள், அதைத் தொடர்ந்து ஆங்கிலேய அரசு அவசரகாலம் அறிவித்தது. 2013 முதல் சரித்திரத்தில் தேறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே இல்லை, மலாய்மொழியில் தேறாவிட்டாலும் அப்படித்தான். சொந்தத் தோட்டத்தின் கதையை எழுதத் தெரியாமல் சான்றிதழ் இழக்கிற பிள்ளை எங்கள் ஊரில்தான் இருக்க முடியும்!

சங்கங்களிடமும் ஒரு வார்த்தை. பத்துப் பாடத்தில் ஏ எடுத்தால் இனம் பாராமல் மெட்ரிகுலேஷன் என்ற பல்கலைக்கழக முன்வகுப்பில் இடம் என்று 2024இல் பிரதமர் அறிவித்தது நல்ல செய்தி. எடுத்த பிள்ளைக்கு மாலை போடுங்கள், கேடயம் கொடுங்கள், நானும் கைதட்டுகிறேன். ஆனால் நின்றுபோன பிள்ளையின் வீட்டு வாசலில் கேடயக்காரர்கள் யாரையும் நான் பார்த்ததில்லை. 2003 முதல் கட்டாயமாக இருந்தது தொடக்கக் கல்வி மட்டும்தான். இடைநிலைக் கல்வியையும் கட்டாயமாக்கும் திருத்தம் 2025இல்தான் மக்களவையில் நிறைவேறியது. சட்டம் நல்லதுதான். நின்றுபோனவன் யார் என்று தெரிந்தால்தானே அந்தச் சட்டம் அவன் வீட்டுக்கு வழி கண்டுபிடிக்கும்?

போன பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டத்தில் இரண்டே எண்கள் கேட்டேன். இந்த வருஷம் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர், இவர்களோடு ஒன்றாம் படிவத்தில் சேர்ந்தவர்கள் எத்தனை பேர். மேடையில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பார்த்துச் சொல்கிறோம்" என்றார்கள். தேநீருக்குப் போய்விட்டோம். ஆனால் வெளியே வரும்போது ஓர் இளம் ஆசிரியை, மலாய்க்காரப் பெண், என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: அவர் வகுப்பில் மட்டும் நான்கு நாற்காலி காலியாம். இரண்டு நம் பிள்ளைகள், ஒருவன் தெமியார், ஒருவன் கம்பத்துப் பையன். நான்கு பெயரையும் மனப்பாடமாகச் சொன்னார்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு அந்த நான்கு வீட்டுக்கும் போகலாம் என்று மூன்று பேர் பேசிவைத்திருக்கிறோம். அந்த ஆசிரியையும் வருகிறார். லாசா பாதைக்கு உயரமான வண்டி வேண்டும், என் சின்னக் கார் மைவியால் ஆகாது. ஹைலக்ஸ் வைத்திருப்பவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். சித்தப்பா, உங்களிடம் ஒன்று இருக்கிறதுதானே?