விலை இறங்கினால் எங்கள் கரைக்கும் லாபமா?

கச்சா எண்ணெய் விலை சரிந்தால் இந்தியாவுக்கு லாபம்தான் என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். நாட்டுக் கணக்கில் அது சரி. தேவையில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி செய்கிறோம். விலை குறைந்தால் டாலர் மிச்சம். ஆனால் அந்த லாபம் ராமேஸ்வரம், மண்டபம் படகுகள் வரை வருகிறதா?

2014 நடுவில் பீப்பாய் 110 டாலரை ஒட்டி இருந்த விலை 2016 தொடக்கத்தில் 30க்கும் கீழே போனது. அந்த இடைவெளியில் மத்திய அரசு பெட்ரோல், டீசல் மீதான கலால் வரியை 9 முறை உயர்த்தியது. 2020 மே மாதமும் அதே கதை: டீசலுக்கு லிட்டருக்கு 13 ரூபாய் கூட்டினார்கள். மாநில அரசு மீனவர்களுக்கு விற்பனை வரி இல்லாமல் டீசல் தருகிறது, பெரிய உதவிதான். கலால் வரி அதிலும் உண்டே! விசைப்படகுச் செலவில் பெரும்பகுதி டீசல். ஐஸ், கூலி எல்லாம் அப்புறம். இறாலுக்கு விலை சொல்வது வியாபாரி. டீசல் ஏறிவிட்டது என்று மீனவர் விலையைக் கூட்ட முடியாது.

கீழக்கரை, தொண்டி பக்கம் வளைகுடா சம்பளத்தை நம்பி நடக்கும் வீடுகள் ஏராளம். இதைக் கட்டுரை தொடவே இல்லை. எண்ணெய் விலை விழுந்தால் வளைகுடாவில் கட்டுமான வேலைகள் நிற்கின்றன. 2016இல் சவுதியில் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் சம்பளம் இல்லாமல் முகாம்களில் சிக்கிக்கொண்டார்கள். எங்களுக்கு ஏற்றம், இறக்கம் இரண்டுமே அடிதான். மீன்பிடி டீசலுக்குக் கலால் வரியையும் தள்ளுபடி செய்யட்டும்; வேலை போய்த் திரும்புகிறவர்களுக்குத் தொழில் தொடங்கக் கடன் கொடுக்கட்டும்.