எந்த முடிவு போச்சு?

(மாமா ஒரு நாவல் எழுதிப் பல பதிப்பகங்களுக்கு அனுப்பியிருக்கிறார். எது எங்கே போனது என்று அவருக்கே குழப்பம். கணக்கு எழுதும் வேலையில் இருக்கும் அக்கா மகள் நித்யா, மடிக்கணினியோடு உட்கார்ந்திருக்கிறாள்.)

நித்யா: சரி மாமா, மொதல் வரிசை. எந்தத் தேதியில அனுப்பினீங்க?

மாமா: நல்ல மழை பெஞ்சுது பாரு, அன்னிக்கு.

நித்யா: எக்செல்ல மழைக்குக் கட்டம் கிடையாது.

மாமா: அப்ப 03/04ன்னு போடு.

நித்யா: மார்ச்சா, ஏப்ரலா?

மாமா: அது கம்ப்யூட்டருக்குத் தெரியாதா?

நித்யா: நாள் முன்னாடியா மாசம் முன்னாடியான்னு நாமதான் அதுக்குச் சொல்லணும். இங்க ஒரு மாசம் தப்பினா, எப்ப ஞாபகப்படுத்தி எழுதணும்ங்கறதும் தப்பிடும். எவ்வளவு நாள்ல பதில் சொல்றதா போட்டிருந்தாங்க?

மாமா: மூணு மாசம்.

நித்யா: நீங்க எப்ப விசாரிச்சீங்க?

மாமா: சாயங்காலம்.

நித்யா: எந்தச் சாயங்காலம்?

மாமா: அனுப்பின அன்னிக்குத்தான். வந்து சேந்துதான்னு கேக்கறது ஒரு மரியாதை. மறுநாள் காலையில, படிச்சாச்சான்னு கேட்டேன். அதுக்கப்புறம் அவங்க போனே எடுக்கல. என்ன பழக்கமோ!

நித்யா: அவங்க சொன்ன கெடு முடிஞ்ச பிறகுதான் கேக்கணும் மாமா. அதுவும் ரெண்டே வரியில. அதனாலதான் இங்க ஒரு ஃபார்முலா போடறேன். இன்னிக்குத் தேதியிலேர்ந்து அனுப்பின தேதியைக் கழிச்சு எத்தனை நாள் ஆச்சுன்னு அதுவே காட்டும். கெடு தாண்டினா கட்டம் தானா மஞ்சளாயிடும். மஞ்சளாகற வரைக்கும் நீங்க போனைத் தொடக் கூடாது.

மாமா: இதெல்லாம் ஊர்ல யாராவது செய்யறாங்களா, இல்ல உன் ஆபீஸ் புத்தியா?

நித்யா: இதுக்குன்னே இணையதளமெல்லாம் இருக்கு. டுயோட்ரோப்னு ஒண்ணு, 2005லேர்ந்து நடக்குது. ஆங்கிலத்துல எழுதறவங்க எங்க அனுப்பினோம், எத்தனை நாள்ல பதில் வந்துதுன்னு அதுல பதிஞ்சு வைப்பாங்க. அதை வெச்சு ஒவ்வொரு இடத்துக்கும் சராசரி போட்டுக் காட்டும். 2013லேர்ந்து கட்டணம் வாங்கறாங்க.

மாமா: நான் பதிஞ்சா அந்தச் சராசரியே படுத்துடும்.

நித்யா: அடுத்தது நிலவரம். பரிசீலனை, ஏற்பு, நிராகரிப்பு, வாபஸ். நாலுல ஒண்ணு சொல்லுங்க.

மாமா: 'நம்பிக்கை'ன்னு ஒண்ணு சேத்துக்கயேன்.

நித்யா: நாலுதான். இந்த ரெண்டாவது பதிப்பகம்?

மாமா: அது ஏற்பு மாதிரி.

நித்யா: மாதிரியா? மெயிலைக் காட்டுங்க. 'தங்கள் நாவலை ஆர்வத்துடன் வாசித்தோம். எனினும் எங்கள் வெளியீட்டுத் திட்டத்துக்கு...'

மாமா: மொத வரியோட நிறுத்திக்க.

நித்யா: நிராகரிப்பு.

மாமா: செவப்பு அடிக்காதேம்மா. லேசா ரோஸ் கலர் குடு, ஆர்வத்தோட வாசிச்சிருக்காங்க.

நித்யா: மூணாவது? இவங்க வேற எங்கயும் அனுப்பியிருக்கக் கூடாதுன்னு உறுதிமொழி கேக்கறாங்களே.

மாமா: குடுத்துட்டேனே! 'இந்நாவல் தங்களுக்கு மட்டுமே அனுப்பப்படுகிறது'ன்னு கையெழுத்துப் போட்டு.

நித்யா: நாலாவது இடத்துக்கு?

மாமா: அதே கடிதம்தான். பேரை மட்டும் மாத்தினேன்.

நித்யா: அஞ்சாவது?

மாமா: அதுல பேரை மாத்த மறந்துட்டேன்.

நித்யா: மாமா! ஒரே நேரத்துல பல எடத்துக்கு அனுப்பலாம்னு சொல்றவங்களும் இருக்காங்க. அவங்களுக்கு மட்டும் அப்படி அனுப்பணும். ஒருத்தர் எடுத்துக்கிட்டா மத்தவங்களுக்கு உடனே வாபஸ் கடிதம் போடணும். சரி, எந்தப் பிரதி யாருக்குப் போச்சு?

மாமா: எந்தப் பிரதின்னா?

நித்யா: இங்க 'முடிவு', 'முடிவு_புதுசு', 'கடைசி முடிவு', 'கடைசி முடிவு_இதுதான்'னு கிடக்கே.

மாமா: ஓ, அதுவா. ஒண்ணுல நாயகி ரயில் ஏறிப் போயிடறா. இன்னொண்ணுல ஏறாம நின்னுடறா. மூணாவதுல அவன் ஏறிடறான், அவ நிக்கறா. ஒவ்வொரு பதிப்பாளருக்கும் ஒரு ரசனை இருக்குமில்ல?

நித்யா: நாலாவதுல?

மாமா: எழுத்துப் பிழை திருத்தினது.

நித்யா: எந்த முடிவுல திருத்தினது?

மாமா: அதைத்தான் நான் உன்னைக் கேக்கலாம்னு இருந்தேன்.

நித்யா: பரவால்ல, அனுப்பின மெயில்ல இணைப்பு இருக்கும். தொறந்து பாத்துக்கலாம்.

மாமா: இடம் அடைக்குதுன்னு அதையெல்லாம் அழிச்சிட்டேனே.

(மெயில் வரும் சத்தம்.)

நித்யா: மாமா! அஞ்சாவது பதிப்பகம்! 'நாவலை வெளியிட விரும்புகிறோம். பிடிஎஃப் ஆக அனுப்பியிருந்தீர்கள். அச்சு வேலைக்கு யூனிகோடு எழுத்துருவில் வேர்டு கோப்பாக அனுப்பவும். அபாரமான முடிவு. அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம்.'

மாமா: பேர் மாத்த மறந்த எடம்தானே? பெருந்தன்மையான மனுஷன்! அனுப்பு அனுப்பு.

நித்யா: எதை அனுப்பறது?

மாமா: அபாரமானதை.

நித்யா: மாமா...

மாமா: இரு, இரு. எந்த முடிவுன்னு நேராக் கேட்டா அசிங்கம். இப்படி எழுது. 'தங்கள் ரசனைக்கு நன்றி. முடிவில் தங்களை மிகவும் கவர்ந்த வரி எது என்று அறிய ஆவல்.' அதை வெச்சே பிரதியைப் பிடிச்சிடலாம்.

நித்யா: அடேங்கப்பா, இது நல்ல யோசனை! அனுப்பிட்டேன்.

(காத்திருக்கிறார்கள். மாமா போனை எடுக்கப் போகிறார். நித்யா பிடுங்கி வைக்கிறாள். மறுபடி சத்தம்.)

மாமா: படி, படி!

நித்யா: '"ரயில் கிளம்பியது" என்ற அந்தக் கடைசி வரிதான் ஐயா.'

மாமா: ...

நித்யா: என்ன மாமா?

மாமா: எல்லாத்துலயும் அதுதாம்மா கடைசி வரி.