கயிற்றை அறுத்ததும் மனிதக் கைதான்

தேவனுடைய முன்குறிப்பைப் பற்றிய ஒரு கட்டுரையை வாசித்தேன். தேவன் எல்லாவற்றையும் முன்குறித்துவிட்டார் என்றால் மனிதன் தெரிவுசெய்ய எதுவும் மிச்சமில்லை என்று கட்டுரையாளர் முடித்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தை அவர் தொடவே இல்லை. புயலில் சிக்கிய கப்பலில் 276 பேர். ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று தேவதூதன் சொன்னதை நம்பி, அந்தக் கப்பலில் கைதியாகப் போன அப்போஸ்தலன் பவுல் முன்பே அறிவித்துவிடுகிறார். பிறகு கப்பலாட்கள் நங்கூரம் போடுவதுபோலப் படகை இறக்கி ஓடப் பார்க்கும்போது, இவர்கள் கப்பலில் இல்லாவிட்டால் நீங்கள் பிழைக்க மாட்டீர்கள் என்று ரோமப் படை அதிகாரியான நூற்றுக்கு அதிபதியிடம் சொல்வதும் அதே பவுல்தான். சேவகர்கள் படகின் கயிற்றை அறுத்துவிடுகிறார்கள். முன்பே தீர்மானமான தப்புதல் அந்தக் கயிறு அறுபட்ட வழியாகத்தானே நிறைவேறியது? அந்தக் கட்டுரைக்கு ஆதரவாக, தேவன் தமக்குச் சித்தமானவன்மேல் இரக்கம் காட்டுகிறார் என்று சொல்லும் ரோமர் 9-ஐ மட்டும் எடுத்துக்காட்டிய நண்பர் அடுத்த அதிகாரத்தையும் வாசிக்க வேண்டும். பிரசங்கிக்கிறவன் இல்லாமல் எப்படிக் கேள்விப்படுவார்கள் என்று பவுல் அங்கே கேட்கிறார். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த ஜெர்மானிய மிஷனரி ரேனியஸ் இந்தத் திருநெல்வேலிச் சீமையில் செய்த ஊழியமெல்லாம் அந்தக் கேள்விக்கான பதிலாகவே எனக்குப் படுகிறது. என் தாத்தா மெய்ஞ்ஞானபுரம் பக்கத்துச் செம்மணல் தேரியில் பனையேறியவர். விடியும் முன் மரத்தடியில் நின்று, என் காலங்கள் உமது கரத்திலிருக்கிறது என்ற சங்கீத வசனத்தைச் சொல்லி ஜெபிப்பார். ஆமென் சொன்ன கையோடு மரமேறக் காலில் மாட்டும் தளைநாரைக் கண்ணருகே பிடித்து இழுத்துப் பார்ப்பார். ஓர் இழை பிரிந்திருந்தாலும் வேறு நார் எடுத்த பிறகே ஏறுவார். அது அவிசுவாசம் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.