பெயர் தெரியாததால் வலி இல்லை என்றாகிவிடுமா?
"உடல் உழைப்புள்ள பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்து மனத்தொல்லை அவ்வளவாகத் தெரியாது" என்று ஒரு கட்டுரையில் படித்த வரியை என்னால் ஏற்க முடியவில்லை. குடியாத்தத்தில் என் அம்மா பீடி சுற்றியவர். 47 வயதில் ஒருநாள் முறத்தைத் தூக்கி எறிந்துவிட்டு ஓவென்று அழுதார். காத்து கருப்பு பட்டிருக்கிறது என்று பாட்டி மந்திரிக்க அழைத்துப் போனார். தொல்லை இருந்தது, அதற்குப் பெயர்தான் தெரியவில்லை. இப்போது எனக்கு 49. வேலூர் வெயிலில், அதுவும் அக்னி நட்சத்திரத்தில், உடம்புக்குள்ளிருந்து எழும் அனலை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ராத்திரி 2 மணிக்கு ஜாக்கெட் நனைந்து எழுந்தால் அப்புறம் தூக்கமே கிடையாது. மறுநாள் குழம்பில் உப்பு கம்மி என்று யாராவது வாயைத் திறந்தால் போதும்! என் எரிச்சலில் பாதி தூக்கக்கேடுதான். அந்தக் கட்டுரைக்கு வந்த கருத்துகளில் "யோகா செய்தால் சரியாகிவிடும்" என்று எழுதிய சகோதரருக்கு: நானும் கோட்டையைச் சுற்றி நடந்து பார்த்தவள்தான், நல்லதுதான். ஆனால் ரத்தப் பரிசோதனையில் தைராய்டு குறைவு என்று வந்தது. அதுவும் இதே சோர்வையும் மனவாட்டத்தையும்தான் தரும். தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் மாதவிடாய் நின்றதாகக் கணக்கு. அதற்கு முந்தைய சில வருடங்களில்தான் மனசு ரொம்ப ஆடுகிறது என்று டாக்டரம்மா சொன்னதை வீட்டுக்காரரிடம் அப்படியே சொன்னேன். இப்போதெல்லாம் ஃபேனை 5-இல் வைத்துவிட்டு அவர் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறார்.