மைக்ரோஃபைபர் துணியைக் கொல்வது எப்படி என்று எங்கள் வீட்டில் கேளுங்கள்

மேசையில் சிந்திய தண்ணீரை உறிஞ்சாமல் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குத் தள்ளிக்கொண்டு போகும் மைக்ரோஃபைபர் துணியைப் பார்த்து, "இது பழசாகிவிட்டது, தூக்கிப் போடு" என்று எல்லோரும் எளிதாகத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத துணி எப்படிப் பழசாகும்? வாரந்தோறும் சலவை இயந்திரத்தில் மற்ற துணிகளோடு சேர்த்துப் போட்டு, போதாக்குறைக்கு மல்லிகை மணக்கும் ஃபேப்ரிக் சாஃப்ட்னரை ஒரு மூடிக்கு இரண்டு மூடியாக ஊற்றி, அதைக் கொன்றிருக்கிறோம் என்பதுதான் உண்மை. தரை துடைக்கும் துணிக்கு எதற்கு ஐயா மல்லிகை வாசம்? இந்தக் கேள்வியை நான் கேட்கும்போதெல்லாம் வீட்டில் என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது.

இது பருத்தித் துணி அல்ல. பெரும்பாலும் 80 பங்கு பாலியெஸ்டரும் 20 பங்கு பாலியமைடும், அதாவது நைலானும், சேர்ந்து உருவான செயற்கை இழை. 9,000 மீட்டர் நீளத்துக்கு இழுத்தாலும் ஒரு கிராம் எடை தேறாத அளவுக்கு மெல்லியதான அந்த இழையை ஆலையில் மேலும் நீளவாக்கில் பல கீற்றுகளாகப் பிளக்கிறார்கள். பிளந்த கீற்றுகளின் கூரிய விளிம்புகளும் அவற்றுக்கு இடையிலுள்ள நுண்ணிய சந்துகளும்தான் தண்ணீரை உறிஞ்சுகின்றன. எண்ணெய்ப் பிசுக்கை வழித்தெடுத்து, தூசியைப் பிடித்து உள்ளே வைத்துக்கொள்கின்றன. துணியின் திறமை முழுவதும் அந்தச் சந்துகளில்தான் இருக்கிறது. சாஃப்ட்னர் என்ன செய்கிறது என்றால், இழைகளின் மேல் வழவழப்பான ஒரு படலத்தைப் பூசி அந்தச் சந்துகளை அடைத்துவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தத் துணியால் கண்ணாடியைத் துடைத்தால் அழுக்கு போவதற்குப் பதிலாகக் கோடு கோடாகப் படலம்தான் படியும். உடனே பழி துணியின் மேல் விழும்.

டர்க்கி டவலோடு சேர்த்துத் துவைப்பது அடுத்த கொடுமை. டவல் உதிர்க்கும் பஞ்சை எல்லாம் இந்தத் துணி பற்றிக்கொள்ளும், ஏனென்றால் பற்றிக்கொள்வதற்காகவே செய்யப்பட்ட துணி அது. பிறகு நிலைக்கண்ணாடியைத் துடைத்தால் கண்ணாடி முழுவதும் வெள்ளைப் பஞ்சு. "இதற்குப் பழைய வேட்டித் துணியே தேவலை" என்று அம்மா சொல்கிறார். அடுப்பு மேடை துடைக்கவும் கரித்துணியாகவும் பழைய வேட்டியை மிஞ்ச எதுவும் இல்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதைத்தான் நானும் மன்றாடிக் கேட்கிறேன். ஆனால் அந்த வேட்டித் துணி அலமாரியில் மடித்த மடிப்புக் கலையாமல் இருக்கும். கொதிக்கும் தோசைக்கல்லை இறக்குவதற்குக் கை நீளுவது என்னவோ என் நீல நிற மைக்ரோஃபைபர் துணியை நோக்கித்தான். நைலான் ஏறத்தாழ 220 டிகிரி செல்சியஸில் உருகும், அதற்கு முன்பே இளகத் தொடங்கிவிடும். தீயில் காய்ந்த இரும்புக்கல் அந்தச் சூட்டைச் சர்வசாதாரணமாகத் தொடும். துணி பொசுங்கிக் கட்டி தட்டிப்போவது ஒருபுறம் இருக்கட்டும், உருகிய பிளாஸ்டிக் விரலில் ஒட்டினால் என்ன ஆகும் என்று யாராவது யோசிக்கிறார்களா?

விற்பவர்கள் மட்டும் யோக்கியமா என்றால் அதுவும் இல்லை. பிளக்கப்படாத வெறும் பாலியெஸ்டர் துணியை வண்ண வண்ணமாக அடுக்கி, மேலே மைக்ரோஃபைபர் என்று அச்சடித்த காகிதத்தைச் சுற்றிக் கடையில் தொங்கவிடுகிறார்கள். நல்ல துணி, உலர்ந்து சொரசொரத்த உள்ளங்கையின் மேல் இழுத்தால் தோலை இலேசாகக் கவ்வும். போலி வழுக்கிக்கொண்டு போகும். கடையில் நின்று நான் இப்படித் துணியை உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பதை வேடிக்கை பார்த்துச் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

இவை அனைத்தையும் பொறுத்துக்கொண்டாலும், அடுக்குமாடிக் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் விடியற்காலையில் நடப்பதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரே வாளி, ஒரே துணி. முதல் வண்டியின் சக்கரத்தையும், சக்கர வளையத்தில் படிந்திருக்கும் பிரேக் தூளையும் துடைத்த அதே துணி, வாளியிலுள்ள கறுப்புத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கப்பட்டு, அடுத்த வண்டியின் பானெட்டுக்கு வருகிறது. பிரேக் தூளில் இருப்பது இரும்புத் துகள். காரின் வண்ணத்துக்கு மேலே காப்பாகப் பூசப்பட்டிருக்கும் கிளியர் கோட்டின் கனமோ சுமார் 40, 50 மைக்ரான்தான். நம் தலைமுடியைவிட மெல்லியது. தூசியை விடாமல் பிடித்துவைக்கும் துணியில் இரும்பையும் மணலையும் ஏற்றி அதன்மேல் வட்ட வட்டமாகத் தேய்த்தால் அது துணியாகவா இருக்கும், உப்புத்தாளாக அல்லவா இருக்கும்! வெயிலில் வண்டியைச் சாய்வாகப் பாருங்கள், சிலந்தி வலையைப் போன்ற கீறல்கள் பளிச்சென்று தெரியும். வண்டி துடைக்க வரும் தம்பியை நான் குறை சொல்லவில்லை. இத்தனை வண்டிகளை ஒற்றை ஆளாக, ஒரு வாளித் தண்ணீரில், எல்லோரும் அலுவலகம் கிளம்புவதற்குள் துடைக்கச் சொன்னால் அவர் வேறு என்னதான் செய்வார்? சக்கரத்துக்கு ஒரு நிறம், மேற்பரப்புக்கு வேறொரு நிறம் என்று துணிகளைப் பிரித்து, அலச இன்னொரு வாளியும் வைக்கலாம் என்று குடியிருப்போர் கூட்டத்தில் சொன்னபோது, "துணிக்கெல்லாமா சார் கூட்டத்தில் தீர்மானம்?" என்று கேட்டார்கள். பத்து இலட்சம் ரூபாய் வண்டிக்கு இரண்டு துணி அதிகமாம்!

கெட்டுப்போனால் புதிதாக வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்பவர்களுக்கு ஒன்று: இது பிளாஸ்டிக். துவைக்கும்போதே நுண்ணிழைகளை உதிர்த்துச் சாக்கடைக்கு அனுப்பும், குப்பையில் போட்டாலும் மக்காது. பல ஆண்டுகள் உழைக்கவேண்டியதை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எறிந்துகொண்டு, கடைக்குத் துணிப்பை எடுத்துச் செல்வதாகப் பெருமை வேறு பேசுகிறார்கள்.

உற்பத்தி செய்பவர்களிடம் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. துணியின் ஓரத்தில், பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாத எழுத்தில், ஆங்கிலத்தில் மட்டும் ஏன் குறிப்பு அச்சிடுகிறீர்கள்? தனியாகத் துவைக்கவும், 40 டிகிரிக்குள் இளஞ்சூட்டில், திரவ சோப்பு கொஞ்சமாகப் போடவும், சாஃப்ட்னரும் பிளீச்சும் கூடாது, இஸ்திரி போடவே கூடாது என்று உறையின் மேல் தமிழில் பெரிதாக அச்சடித்தால் உங்கள் இலாபம் கரைந்தா போய்விடும்? அந்தக் குறிப்புத் துண்டும் கெட்டியான நைலானில் தைக்கப்பட்டு, வெட்டி எடுக்காவிட்டால் காரின் பானெட்டில் அதுவும் சேர்ந்து கீறுகிறது.