வலி வருமுன் வாயைக் காட்டுங்கள்

கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தோட்டப்புறங்களில், பல்லைப் பிடுங்க வேண்டிய நிலை வந்த பிறகுதான் பல் கிளினிக்கிற்குப் போகிறோம். தமிழ்ப்பள்ளியில் படிக்கும்வரை நடமாடும் பல் மருத்துவக் குழு கருவிகளோடு வந்து, வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளை அழைத்துப் பார்த்துவிட்டுப் போகிறது. பள்ளியை முடித்ததும், கன்னம் வீங்கித் தூக்கம் கெடும் நாள்வரை நம் வாயை யாரும் பார்ப்பதில்லை. உடலில் வேறெங்கோ தொடங்கும் சில நோய்கள் வாயில் அடையாளம் காட்டுவது பெரும்பாலும் அந்த வயதில்தான். ஆகவே, வலி இல்லாதபோதே ஆண்டுக்கு ஒரு முறையாவது பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

முதலில் இனிப்பு நீரைச் சொல்ல வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது. அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் அதுவரை அதை அறியாமலே இருந்தார்கள். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் இது மிக அதிகம். இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது நுண்ணிய இரத்தக் குழாய்கள் பாதிக்கப்பட்டு, கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் குறைவதால், ஈறு வீங்குவதும், பல் துலக்கும்போது இரத்தம் கசிவதும், மீண்டும் மீண்டும் சீழ் கட்டுவதும், வயதுக்கு மீறிப் பற்கள் ஆடுவதும் நேர்கின்றன. மறுபுறம், ஆறாத ஈறு அழற்சி சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதையும் கடினமாக்குகிறது. ஈறுக்கு முறையாகச் சிகிச்சை பெற்றால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஓரளவு இறங்குவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. வாயைப் பார்த்து மட்டும் இனிப்பு நீரை முடிவு செய்ய முடியாது என்பது உண்மையே. ஆனால் ஈறின் நிலையைப் பார்த்துச் சந்தேகப்படும் பல் மருத்துவர், சுகாதார கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளும்படி சொல்லி அனுப்பலாம்.

எனக்கு இதைவிடவும் கவலை தருவது வெற்றிலை பாக்கு. புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் அது புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அறிவித்துள்ளது. பால்மரம் வெட்டிய காலத்திலிருந்து வெற்றிலை போட்டுப் பழகிய என் பெரியம்மா, பல் செட் கட்டிக்கொள்ளத்தான் கிளினிக்கிற்குப் போனார். கன்னத்தின் உட்புறத்தில் துடைத்தாலும் போகாத வெண்திட்டு ஒன்றை மருத்துவர் கண்டு, சதைத் துணுக்கை எடுத்துச் சோதிக்க மருத்துவமனைக்கு அனுப்பினார். அது புற்றாக மாறக்கூடிய நிலையில் இருந்தது, அகற்றிவிட்டார்கள். வலியே இல்லாததால் அவராக ஒருநாளும் அதற்கென்று போயிருக்க மாட்டார். சிவந்த திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், மிளகாய் பட்டாலே தாங்க முடியாத எரிச்சல், வாயை முன்போல் அகலத் திறக்க முடியாமை ஆகியவையும் எச்சரிக்கைகளே. நாக்கின் ஓரத்தையும் அடிப்பகுதியையும் நாமே கண்ணாடியில் சரியாகப் பார்த்துவிட முடியாது. மருத்துவர் நாக்கைத் துணியால் பிடித்து விலக்கிச் சில நிமிடங்களில் பார்த்துவிடுகிறார்.

வேறு சிலவும் உண்டு. வெளிறி வழவழப்பான நாக்கும் வெடித்த வாயோரமும் இரத்தச் சோகையால் வந்திருக்கலாம். மேல் முன்பற்களின் பின்புறத் தேய்மானம், வயிற்று அமிலம் அடிக்கடி மேலேறுவதைக் காட்டக்கூடும். இரத்த அழுத்தத்திற்குக் கொடுக்கப்படும் அம்லோடிபின் போன்ற மாத்திரைகள் சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும் என்பதால், போகும்போது மாத்திரை உறைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அவற்றை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கும் செம்பனைத் தோட்டத்தில் நாள் சம்பளம் வாங்குபவர்களுக்கும் அரை நாள் விடுப்புகூட இழப்புதான் என்பதை அறிவேன். அதனால் கோயில் நிர்வாகங்களிடமும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களிடமும் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் நடத்தும் மருத்துவ முகாம்களில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்க மேசை போடுகிறீர்கள்; அடுத்த முகாமுக்கு மாவட்டப் பல் சுகாதார அலுவலகத்திற்கும் முன்கூட்டியே கடிதம் எழுதி, வாய்ப் பரிசோதனைக்கு ஒரு குழுவை அனுப்பும்படி கேளுங்கள். வெற்றிலை போடும் நம் பாட்டிமாரையும் தாத்தாமாரையும் முதலில் அழைத்து வந்து உட்கார வையுங்கள்.